அரைமண்டியும் சைக்கிளும்

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு சிறு அரங்கில் பார்த்த நடனத்தைப் பற்றி நண்பர்களிடையே கடுமையாகப் பேசியிருந்தேன். பேசியதில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. மறுபாதியை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே இக்குறிப்பு.

ஆடியவர் இருபது வருஷம் பரதம் பயின்றவர். பெயர் இங்கு அவசியமில்லை. அன்றைய நிகழ்ச்சியில் அடவுகளுக்கு நடுவே களரிப்பயிற்றின் பாய்ச்சல் வந்தது. மேற்கத்திய நவீன நடனத்திலிருந்து தரையில் உருளுதல் வந்தது. எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மற்றொன்றைத் தொடவில்லை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று குடித்தனங்கள் மாதிரி. பாய்ச்சல் முடிந்ததும் அரைமண்டி, முன்பிருந்த அதே அரைமண்டியாக, நடுவில் எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது. பாய்ச்சலும் பொய். களரியில் கண் எதிராளியின் மேல் இருக்கிறது. அவன் அடுத்து என்ன செய்வான் என்பதில்தான் உடம்பின் விழிப்பே. இவர் கண்ணோ ரசிகர்கள் மேல். சபைக்கு முகம் காட்டிக்கொண்டே, யாருமில்லாத இடத்தின் மேல் பாய்ந்தார். ‘கற்றுக்கொண்டதைக் காட்டுகிறார், கற்றுக்கொண்டது அவரை ஒன்றும் செய்யவில்லை’ என்றேன்.

‘இது சந்திரலேகா போட்ட பாதைதானே’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. 1985இல் ‘அங்கிகா’வில் களரியையும் யோகத்தையும் பரதத்தோடு சந்திரலேகா வைத்தபோது அது சேர்க்கை அல்ல, விசாரணை. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பாடம் கேட்ட உடம்பு அது. கதையும் ஆபரணமும் போன பிறகு பரதத்தில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியைக் களரியைக் கொண்டு கேட்டார். மிஞ்சியது முதுகெலும்பு, பாரம், மூச்சு. 2001இல் ‘ஷரீரா’வுக்கு வரும்போது அசைவு ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்கு மெதுவாகிவிட்டது. பின்வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியை அல்ல, விடையின் வெளித்தோற்றத்தை.

இனி வாபஸ் விஷயம். நான் சொன்ன அந்த நடனக்காரர் இப்போது சைக்கிளில் ஒரு பயணம் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, பிறகு சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர். சிதம்பரத்தின் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் 81 கரணங்களைச் செதுக்கி, மீதி 27 கற்களை வெறுமனே விட்டிருக்கிறார்கள். மேல்தளத்துக்கு எல்லாரையும் விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போகிறார். நான்கு மாதமாக விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை மிதித்துப் பழகுகிறார். மாலையில் வழக்கமான அடவுப் பயிற்சி. ஒரு மாலை அதைப் பார்க்கப் போயிருந்தேன்.

‘சைக்கிள் என் அரைமண்டியைக் கெடுத்துடுத்து, சார்’ என்றார் முதலில்.

உண்மைதான். அரைமண்டியில் தொடைகள் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்புகின்றன. முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. சைக்கிள் இதை அனுமதிப்பதில்லை. முழங்கால் நேர் முன்னே பார்த்து ஏறி இறங்கியாக வேண்டும். அடவில் பாதம் தரையைத் தட்டுகிறது, தரை தாளத்தைத் திருப்பித் தருகிறது. பெடலில் தட்டு இல்லை. பாதத்துக்குத் தரையே இல்லை. நிமிஷத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 4800 சுற்று. அதில் ஒன்றுகூட சமத்தில் வந்து முடிவதில்லை. எந்த அசைவையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியே பழகிய உடம்புக்கு, முடிவே இல்லாத ஓர் அசைவு.

அன்று மாலை நான் பார்த்தது இதன் விளைவு. தொடைகள் பழக்கத்தால் திறக்க மறுத்தன. ஒவ்வொரு தடவையும் இடுப்பிலிருந்து தேடித் திறக்க வேண்டியிருந்தது. இருபது வருஷமாகக் கேள்வியின்றி வந்து நின்ற அரைமண்டி முதல் தடவையாக ஒரு செயலாகத் தெரிந்தது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் உள்ள வழி தெரிந்தது. சிற்பத்தில் இருப்பது கரணத்தின் ஒரு கணம் மட்டுமே, கரணம் என்பது இயக்கம் என்று பத்மா சுப்ரமணியம் தன் ஆராய்ச்சியில் நிறுவியதை ஏட்டளவில் அறிந்திருந்தேன். அதன் அர்த்தம் கண்ணுக்கு விளங்கியது அன்றுதான்.

சைக்கிளை அவர் நடனத்துக்காகக் கற்கவில்லை. மேடையில் எடுத்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் அது உள்ளே போயிற்று என்று எனக்குப் படுகிறது. களரியை மேடைக்காகக் கற்றார். அது மேடையோடு நின்றுவிட்டது.

இதை ஒரு சூத்திரமாக்க நான் தயாரில்லை. சைக்கிள் மிதித்தவரெல்லாம் கலைஞராகிவிடப் போவதில்லை. நான் சொல்வது ஒரு சோதனையை மட்டுமே: புதிய ஒன்றைக் கற்றாரா என்று தெரிய, பார்க்க வேண்டியது புதியதை அல்ல, பழையதை. அது இடம் பெயர்ந்திருக்கிறதா? நம் கவிதைக்கும் இதுவே பொருந்தும். 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய பிறகு வரியை உடைக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். உடைத்த வரியால் தன் தமிழே தனக்கு அந்நியமாகி, ஒரு சாதாரண வினைமுற்றைக்கூடத் தேடி எடுக்க வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களிடம் பழைய ஓசையும் பழைய உணர்ச்சியும் அப்படியே இருக்கின்றன, வரிகள் மட்டும் குட்டையாக.

ஆகவே, கற்றது அவரை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொன்னது அந்த உடம்பைப் பற்றிய தீர்ப்பாக இருந்தால், அது தவறு. அது கற்கக்கூடிய உடம்பு. ஆனால் அந்தப் பாய்ச்சல் இன்னும் ஒட்டுத்தான். நிகழ்ச்சியிலிருந்து அதை எடுத்துவிடச் சொன்னேன்.

‘எடுத்தா பாதி நேரம் காலியாயிடும், சார்’ என்றார்.

தஞ்சாவூரில் 27 கல் ஆயிரம் வருஷமாகக் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

போய் வந்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.