பழைய லேப்டாப்புக்கு வைஃபை கார்டு: வேகத்தைக் கடைசியில் பாருங்கள்

2011, 2012-இல் வந்த லேப்டாப்கள் பல இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிவிட்டால் எழுத்து வேலை, கணக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் அவை போதும். அதற்குப் பிறகும் அவற்றைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் வைஃபைதான். வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு இருக்கும், கைபேசியில் அது முழுசாக வரும், அதே அறையில் லேப்டாப்பில் 30-ஐத் தாண்டாது. இந்தக் குறையைத் தீர்க்கச் சில நூறு ரூபாய்க்கு ஒரு கார்டு போதும். ஆனால் எந்தக் கார்டு என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேக எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். பழைய லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குக் கடைசி இடம்தான். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு: பயாஸ், ஸ்லாட், ஆன்டெனா, டிரைவர்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்து விலை குறைந்த லேப்டாப்களில் போட்டுத் தந்தவை பெரும்பாலும் ரியல்டெக் ஆர்டிஎல் 8188 சிஇ, ஏதரோஸ் ஏஆர் 9285, பிராட்காம் பிசிஎம் 4313 போன்ற கார்டுகள். மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும், ஒரே அலைத்தடத்தில் வேலை செய்பவை. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் இடிபடுகின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. ஏட்டளவில் 150 மெகாபிட் வரை தரும் இந்தக் கார்டுகள், நெரிசலில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுருங்கி 72 மெகாபிட் இணைப்பில் நிற்கும். அதில் உண்மையாகக் கைக்கு வருவது ஏறக்குறையப் பாதி.

ஆகவே மருந்தும் தெளிவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும், இரண்டு ஆன்டெனா வேண்டும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்கு மேல் தரும் பணம் பல வீடுகளில் எண்ணுக்காகத் தருவதே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 802.11என் தரத்தில், 5 கிகாஹெர்ட்ஸில், இரண்டு ஆன்டெனாவோடு 300 மெகாபிட் இணைப்பு கிடைக்கும். கைக்கு வருவது ஏறக்குறைய 150. 802.11ஏசி தரத்தில் அதே இரண்டு ஆன்டெனா 867 மெகாபிட் தரும். வைஃபை 6-இல் 80 மெகாஹெர்ட்ஸுக்கு 1201, 160 மெகாஹெர்ட்ஸுக்கு 2402. வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் இந்த நான்கும் அதை முழுசாகத் தந்துவிடும், இணையத்தில் இவற்றுக்குள் வேறுபாடு தெரியாது. வீட்டுக்குள்ளேயே பெரிய கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புபவருக்கும், 150 மெகாபிட்டுக்கு மேல் இணைப்பு வைத்திருப்பவருக்கும்தான் ஏசி தரம் பயன்படும். வைஃபை 6-இன் உச்ச எண் பழைய லேப்டாப்பில் பயன்பட, ரவுட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் தர வேண்டும், எதிர்முனையில் அந்த வேகத்துக்குத் தரவு தர ஒன்று இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் வீடுகள் குறைவு.

இனி, முதலில் சொன்ன பயாஸ் முதலான நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயாஸ் பூட்டுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ் 220, டி 420, எக்ஸ் 230, டி 430 ஆகியவற்றிலும், ஹெச்பியின் அக்காலத்து மாடல்கள் பலவற்றிலும் அனுமதிப் பட்டியல் ஒன்று பயாஸுக்குள் இருக்கிறது. பட்டியலில் இல்லாத கார்டைச் செருகி இயக்கினால் திங்க்பேட் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். ஹெச்பியில் அந்த எண் 104. விண்டோஸ் வரைகூடப் போகாது. வானொலி அலைச் சான்றிதழ் கார்டுக்கும் ஆன்டெனாவுக்கும் சேர்த்து வாங்கியது, அதனால்தான் இந்தப் பூட்டு என்பது தயாரிப்பாளர்களின் தரப்பு. அந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது, அலைவரிசைக் கட்டுப்பாடு தேவையானதுதான். ஆனால் பூட்டு எதைப் பார்க்கிறது என்று கவனித்தால் வாதம் நொறுங்கிவிடுகிறது. சிப்பின் அடையாள எண்ணோடு, யாருக்காகச் செய்த கார்டு என்ற துணை அடையாள எண்ணையும் அது சரிபார்க்கிறது. இன்டெல் 6205 கார்டு எக்ஸ் 220-இன் பட்டியலில் இருக்கிறது. அதே 6205 வேறு நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது என்றால் மறுக்கப்படுகிறது. சிப் ஒன்று, அலை ஒன்று, ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு. இதற்கும் அலைப் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. வாரண்டி முடிந்து ஆண்டுகள் ஆன கருவியின் உரிமையாளரை இப்படிக் கட்டிவைப்பது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பூட்டைத் திறக்க வழி இருக்கிறது. எக்ஸ் 230 வரிசைக்கு மென்பொருள் மூலமே பயாஸை மாற்ற முடியும். எக்ஸ் 220-க்கு மதர்போர்டில் இருக்கும் சிப்பின் எட்டுக் கால்களையும் கிளிப்பால் பிடித்து, வெளியிலிருந்து எழுத வேண்டும். தவறினால் லேப்டாப் உயிர்பெறாது. வைஃபைக்காக மட்டும் இந்த ஆபத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். பட்டியலில் உள்ள 6205-ஐ, லெனோவோவின் 60ஒய் 3253 என்ற உதிரிபாக எண்ணோடு தேடி வாங்குவதே மேல். 5 கிகாஹெர்ட்ஸும் இரண்டு ஆன்டெனாவும் அதில் இருக்கின்றன, நமக்கு வேண்டியதும் அவைதான்.

அடுத்தது ஸ்லாட். 2013 வரையிலான லேப்டாப்களில் பெரும்பாலும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், அதில் அரை அளவுக் கார்டு 30-க்கு 26.8 மில்லிமீட்டர். பின்னால் வந்தவற்றில் எம்.2, அது 22-க்கு 30. ஒன்றில் மற்றது ஏறாது. எம்.2 கார்டை மினி ஸ்லாட்டில் ஏற்ற அடாப்டர் விற்கிறார்கள். ஆனால் உயரம் கூடும், சில லேப்டாப்களில் மூடி சரியாக மூடாது. அதோடு ஆன்டெனா முனைகளும் வேறு. பழைய கார்டில் இருப்பது யூ.எஃப்.எல் முனை, எம்.2-இல் அதைவிடச் சிறிய எம்ஹெச்எஃப் 4. பழைய வயர் புதிய முனையில் பொருந்தாது, இடையில் இன்னொரு இணைப்பு வயர் வேண்டும்.

எம்.2 ஸ்லாட் உள்ளவர்களும் ஒன்றில் ஏமாறக் கூடாது. இன்டெல் ஏஎக்ஸ் 200-ம் ஏஎக்ஸ் 201-ம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஏஎக்ஸ் 201-இல் பாதி வேலையைப் புதிய இன்டெல் சிப்செட்டே செய்கிறது. பழைய லேப்டாப்பில் அதைச் செருகினால் கார்டு இருப்பதே தெரியாது. 9560, ஏஎக்ஸ் 211 ஆகியவையும் இந்த வகைதான். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

மூன்றாவது ஆன்டெனா. அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினால் கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் செருகியிருக்கும். அவை திரையைச் சுற்றி மேலே போகின்றன. மலிவு மாடல்கள் சிலவற்றில் ஒரே வயர்தான் இருக்கும். அங்கே இரண்டு ஆன்டெனா கார்டு போட்டாலும் பாதி வேகம்தான். யூ.எஃப்.எல் முனையைச் செருகிக் கழற்றும் தடவைகளுக்கு 30 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே வயரைப் பிடித்து இழுக்காமல், முனைக்குக் கீழே நகத்தைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். செருகும்போது நடுவில் வைத்து அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். அது உட்காரவில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள கார்டும் பக்கத்து அறைக்குப் போனதும் துண்டித்துக்கொள்ளும்.

நான்காவதான டிரைவர்தான் பல வாங்கல்களை வீணாக்குவது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த வயதுக் கணினிகள் இல்லை. எனவே இவை பலவும் லினக்ஸுக்கு மாறும். அங்கே எந்தக் கார்டு ஒழுங்காக ஓடும் என்பதே கேள்வி. பிராட்காம் பிசிஎம் 4352-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் ஏசி தரம், இதுவும் 867 மெகாபிட். ஆனால் லினக்ஸில் அதற்கு மூடிய டிரைவர் ஒன்றுதான் வழி, பிராட்காம் அதைக் கடைசியாக வெளியிட்டது 2015-இல். கர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் வைஃபை போய்விடுமோ என்ற கவலை அதோடு சேர்ந்தே வரும். அதே வேகத்து இன்டெல் 7260-க்கு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. முழுத் திறந்தமூலம் வேண்டுவோருக்கு ஏதரோஸ் ஏஆர் 9280 நல்ல தேர்வு. அதன் டிரைவருக்கு மூடிய ஃபர்ம்வேர் கோப்பு எதுவும் வேண்டாம். 300 மெகாபிட்டில் நின்றுவிடுவது அதன் எல்லை. ஏஎக்ஸ் 200-க்குக் குறைந்தது 5.1 கர்னல் வேண்டும், விண்டோஸ் என்றால் 64 பிட் விண்டோஸ் 10-ஆவது வேண்டும். விண்டோஸ் 7-ஐ விடாதவர்களுக்கு அது உதவாது.

யூஎஸ்பி டாங்கிளையும் நியாயமாக எடை போட வேண்டும். பூட்டு, ஸ்லாட், ஆன்டெனா எதுவும் அதற்குத் தடையில்லை, அதுவே அதன் பெரிய பலம். ஆனால் ஒரு போர்ட்டை எப்போதும் பிடித்துக்கொள்ளும், பையில் போடும்போது முட்டி உடையும். கைவிரல் நக அளவில் வரும் டாங்கிளில் ஆன்டெனாவுக்கு இடம் மிகக் குறைவு. திரையைச் சுற்றி ஓடும் ஆன்டெனாவோடு அது போட்டி போட முடியாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு என் தீர்ப்பைச் சொல்கிறேன். மினி ஸ்லாட், பூட்டில்லாத பயாஸ் என்றால் இன்டெல் 7260. 2013-இல் வந்தபோது இணைப்பு அறுபடுவதாக அதன்மேல் புகார்கள் இருந்தன, ஆனால் பின்னர் வந்த டிரைவர்களோடு அது நம்பகமான கார்டாகிவிட்டது. விண்டோஸ் 7 முதல் இன்றைய லினக்ஸ் வரை ஓடும், புளூடூத் 4.0-ம் அதிலேயே உண்டு. வாங்கும்போது லேபிளில் 7260 எச்எம்டபிள்யூ என்பதோடு நிறுத்தாமல் அதற்குப் பின் பிஎன் என்றோ ஏஎன் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். பிஎன் என்றால் 2.4 மட்டும், ஏஎன் என்றால் ஏசி தரம் இல்லை. 3160 என்றால் ஒற்றை ஆன்டெனா. பூட்டுள்ள திங்க்பேட் என்றால் பட்டியலிலுள்ள 6205. எம்.2 ஸ்லாட்டும் புதிய இயங்குதளமும் இருந்தால் ஏஎக்ஸ் 200. ஒற்றை ஆன்டெனா வயரோ, திறக்க முடியாத பூட்டோ இருந்து பட்டியல் கார்டும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் யூஎஸ்பி, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளது. பிராட்காம் வேண்டாம். மினி ஸ்லாட்டில் அடாப்டர் வைத்து வைஃபை 6 போடுவதும் வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன் மூடியைக் கழற்றி, கார்டின் லேபிளையும் ஆன்டெனா வயர்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் காட்டி, மேலே சொன்ன எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பூட்டு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், திருப்பித் தரலாம் என்று ஒப்புக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.