யாருடைய குரல், யாருடைய நாடா?
ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கதையை மறுபடி வாசித்தல்

1990களின் தொடக்கம். பாரிஸில் உணவகமொன்றின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். கூட வேலை செய்த மாலி நாட்டு நண்பர் ஒரு பழைய கசற்றை இரவிரவாகப் போடுவார். அதில் ஓட்டிஸ் ரெடிங் பாடிக்கொண்டிருந்தார். சொற்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால், ஒரு மனிதன் தன் தொண்டையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கியது. கசற் மட்டையில் பாடகரின் பெயர் மட்டும் பேனையால் எழுதப்பட்டிருந்தது. அந்தக் குரல் எங்கே பதிவானது, யார் வாசித்தார்கள், அந்த நாடா யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் அறியப் பிறகு பல வருடங்கள் பிடித்தன. அறிந்தபோது, வழமையாகச் சொல்லப்படும் கதையோடு ஒரு பிணக்கும் வந்து சேர்ந்தது.

வழமையான கதை இப்படிப் போகும். அமெரிக்காவின் தென்பகுதியில், மெம்பிஸ் நகரில், ஜிம் ஸ்டுவர்ட் என்ற வெள்ளை இன வங்கி ஊழியர் 1957இல் ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் தொடங்குகிறார். அதன் பெயர் சற்றலைற். அக்கா எஸ்ரெல் அக்ஸ்ரன் தன் வீட்டை ஈடு வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் தருகிறார். கறுப்பர்கள் வாழும் மக்லெமோர் வீதியில் கைவிடப்பட்ட கப்பிற்றல் திரையரங்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். 1961இல் இருவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்ற பெயர் பிறக்கிறது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட அந்த நகரில், அந்தக் கட்டடத்துக்குள் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இருந்து வாசிக்கிறார்கள். 1967 வரை பொற்காலம். அதற்குப் பிறகு அரசியலும் பணமும் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகின்றன. 1975 டிசம்பரில் நிறுவனம் வங்குரோத்தாகிறது.

இதில் சொல்லப்படும் தகவல்களில் பிழை இல்லை. அவற்றை அடுக்கிய விதத்தில்தான் பிழை இருக்கிறது.

முதலில் இசையைப் பார்ப்போம். திரையரங்கின் சரிவான தரையை மட்டமாக்க அவர்களிடம் வசதி இருக்கவில்லை. அந்தச் சரிவிலேயே பதிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மோட்டவுனில் பின்னணிப் பாடகர்கள் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் ஊதுகருவிகள் செய்தன. புக்கர் ரி. ஜோன்ஸ், அல் ஜக்சன் என்ற இரு கறுப்பர்களும், ஸ்டீவ் குறொப்பர், டொனால்ட் டன் என்ற இரு வெள்ளையர்களும் சேர்ந்து வாசித்த குழுவே அந்த வீட்டின் முதுகெலும்பு. ரெடிங் 1966இல் பதிவு செய்த 'ட்ரை எ லிற்றில் ரென்டர்னெஸ்' பாடலைக் கேளுங்கள். 1930களின் பழைய மெல்லிசைப் பாட்டு அது. கெஞ்சுவது போலத் தொடங்குகிறது. அல் ஜக்சனின் குச்சி கடிகாரம் போல ரிக் ரிக் என்று தட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுக் குழுவும் எழும்பி, கடைசியில் பாடகர் சொற்களைக் கைவிட்டு வெறும் ஓசைகளோடு மல்லுக்கட்டுகிறார். இது தனியொருவரின் மேதைமை மட்டுமல்ல. ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டு வாசித்தவர்களின் கூட்டு உழைப்பும்கூட.

ஆனால், இந்த இணக்கம் கட்டடத்தின் வாசலோடு முடிந்துபோனது. நகரத்தில் இந்த இசைக்கலைஞர்கள் ஒன்றாக இருந்து சாப்பிடக்கூடிய இடங்கள் மிகச் சில. அதில் ஒன்று லொறெய்ன் என்ற, கறுப்பர்களுக்குச் சொந்தமான விடுதி. அங்கேதான் குறொப்பரும் எடி ஃப்ளொய்டும் 'நொக் ஒன் வூட்' பாடலை எழுதினார்கள். 1968 பெப்ரவரியில் மெம்பிஸின் துப்புரவுத் தொழிலாளர் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டது அதே லொறெய்ன் விடுதியின் மாடியில்தான். அரசியல் பின்னால்தான் உள்ளே வந்தது என்று சொல்பவர்கள் இந்த முகவரியை எங்கே வைப்பார்கள்? அரசியல் என்றைக்கும் அங்கேதான் இருந்தது. வாசிக்கும்போது மட்டும் அதை மறந்திருக்க முடிந்தது.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்தது நியூயோர்க்கின் அற்லாண்டிக் நிறுவனம். முதலில் கை குலுக்கலோடு நடந்த வியாபாரம், 1965இல் எழுத்து ஒப்பந்தமானது. ஸ்டுவர்ட் அதை வாசிக்காமலே கையெழுத்திட்டார். 1967 டிசம்பர் 10இல் ரெடிங்கும், கூடப் பயணித்த பார்-கேஸ் குழுவின் நான்கு இளைஞர்களும் விமான விபத்தில் விஸ்கொன்சின் மாநிலத்து ஏரியில் இறந்துபோனார்கள். அதே காலத்தில் அற்லாண்டிக் வோர்னர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அப்போதுதான் ஸ்டுவர்ட் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் பார்க்கிறார். அற்லாண்டிக் விநியோகித்த பாடல்களின் மூல நாடாக்கள் எல்லாம் அற்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. சாம் அன்ட் டேவ் பாடகர்களும் அற்லாண்டிக்கிடமிருந்து இரவலாக வந்தவர்கள் என்பதால் திரும்பிப் போனார்கள். அந்தச் சரிவுத் தரையில் ஏழெட்டு வருடம் வியர்வை சிந்தி உண்டாக்கியது ஒரே நாளில் வேறொருவர் வீட்டுச் சொத்தாகிவிட்டது.

ஆக, பொற்காலம் என்று கொண்டாடப்படுகிற காலம், தன் குரல் தனக்குச் சொந்தமில்லை என்பதை அறியாதிருந்த காலம். ஐரோப்பிய ரசிகர்கள் அந்தக் காலத்தையே அதிகம் விரும்புவது தற்செயலா? அறியாமையோடு பாடுகிற கறுப்பர் இனிமையானவர். கணக்குக் கேட்கிற கறுப்பர் இசையைக் கெடுத்தவராகிவிடுகிறார்.

அந்தக் கணக்கைக் கேட்டவர் அல் பெல். 1965இல் விற்பனையை வளர்க்க வந்த கறுப்பர், பிறகு நிறுவனத்தின் தலைவரானார். பழைய தட்டுகள் ஒன்றும் கையில் இல்லாத நிலையில் 1969இல் 27 எல்.பி. தட்டுகளை ஒரே வீச்சில் வெளியிட்டார். அவற்றில் ஒன்று, அதுவரை மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுத்த ஐசாக் ஹேய்ஸின் 'ஹொட் பட்டர்ட் சோல்'. மொத்தம் நான்கே பாடல்கள். கடைசிப் பாடல் 18 நிமிடத்துக்கும் மேல். வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டு என்ற கட்டளையை அது மதிக்கவில்லை. பின்னணி வாசித்தவர்கள், விபத்தில் தப்பியவர்கள் திரும்பக் கட்டியெழுப்பிய அதே பார்-கேஸ். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1972இல் 'ஷாஃப்ட்' பாடலுக்காக ஹேய்ஸுக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதே வருடம் ஓகஸ்ட் 20ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில், 1965இன் வட்ஸ் எழுச்சியின் நினைவாக, ஒரு டொலர் நுழைவுச் சீட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடிய வட்ஸ்டாக்ஸ் நிகழ்ச்சி நடந்தது. இது வீழ்ச்சியின் காலமா?

அல் பெல்லைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. பணம் கட்டுப்பாடின்றிச் செலவானது. ஆயுதத்தோடு திரிந்தவர்கள் அலுவலகத்துக்குள் வந்தார்கள். எஸ்ரெல் அக்ஸ்ரன் 1969இல் வெளியேற நேர்ந்தது. திரையரங்கு முகப்பில் தட்டுக் கடை போட்டு, அயல் பிள்ளைகளின் கால்கள் எந்தப் பாட்டுக்கு ஆடுகின்றன என்று பார்த்து, அந்த நிறுவனத்துக்குக் காது கொடுத்த பெண் அவர். வெள்ளையரும் கறுப்பருமாக ஆண்கள் எழுதிய இரண்டு கதைகளிலும் அவர் ஓரமாகவே நிற்கிறார். ஆனால், நிறுவனத்தின் கழுத்தை நெரித்தது இவை மட்டுமல்ல. 1972இல் செய்த சீ.பீ.எஸ். விநியோக ஒப்பந்தத்தில், அதை முன்னின்று செய்தவர் அடுத்த வருடமே பதவி இழந்தார். தட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. கடன் கொடுத்த வங்கி கதவை மூடியது. வங்கி மோசடி வழக்கில் அல் பெல் 1976இல் விடுதலையானார். நிறுவனத்தைக் காப்பாற்றத் தன் சொத்தையெல்லாம் வைத்த ஸ்டுவர்ட் வீட்டையும் இழந்தார்.

கட்டடம் ஒரு தேவாலயத்துக்குப் பத்து டொலருக்குக் கைமாறி, 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே நிலத்தில், அதே முகப்போடு, அருங்காட்சியகம் எழும்பியது. பக்கத்தில் அயல் பிள்ளைகளுக்கு இசைப் பள்ளி நடக்கிறது. அந்தப் பள்ளிதான் எனக்கு ஆறுதல். முகப்பைத் திரும்பக் கட்டிவிடலாம். 1968க்கு முந்திய நாடாக்களோ இன்றும் அந்த வீதிக்குத் திரும்பவில்லை.

மாலி நண்பரின் கசற் இப்போது என்னிடம் இருக்கிறது. பிரதியின் பிரதி, இரைச்சல் அதிகம். பெட்டிகளில் குரல்களைக் காவிக்கொண்டு வந்தவர்கள் நாம். யார் பாடியது என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. எங்கே, யாரோடு, யார் கையெழுத்தின் கீழ் என்றும் எழுதி வைக்கவேண்டும். போன மாதம் அந்த மட்டையில், ரெடிங்கின் பெயருக்குக் கீழே, அல் ஜக்சனின் பெயரையும் மக்லெமோர் வீதியையும் எழுதினேன்.