கூலியும் பங்கும்

'அராஜகம்' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எரியும் பேருந்தும் உடைந்த கடைக் கண்ணாடியுமே தோன்றுகின்றன. 1840இல் வெளிவந்த 'சொத்து என்றால் என்ன?' என்னும் நூலில் அப்பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பியேர் ஜோசப் புரூதோன் கண்ட கனவோ வேறு. எவரும் எவரையும் வற்புறுத்தாமல், மனமுவந்து செய்துகொள்ளும் ஒப்பந்தங்களால் இயங்கும் சமுதாயம் அது. திருச்சபையைக் கடுமையாகச் சாடியவர்தாம். ஆயினும் இறையியலறிஞர் ஆன்றி தெ லுபாக் 1945இல் அவரைப்பற்றித் தனிநூலே எழுதியிருப்பதால், நாமும் அஞ்சாமல் படிக்கலாம்.

நூலின் உயிர்நாடி ஒரு கல்தூண். எகிப்தின் லக்சோரிலிருந்து கொண்டுவரப்பட்ட தூபியை 1836இல் பாரிஸில் நிறுத்தினார்கள். 200 வீரர்கள் சில மணி நேரத்தில் செய்த வேலையை ஒருவனே 200 நாள் உழைத்துச் செய்துவிட முடியுமா என்று கேட்கிறார் புரூதோன். முதலாளி 200 தனித்தனிக் கூலிகளைக் கொடுக்கிறான். அவர்கள் ஒன்றுசேர்ந்ததால் பிறந்த ஆற்றலுக்கோ எவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே, கூலி வாங்கிய பின்னும் ஆக்கிய பொருளில் உழைத்தவனுக்கு உரிமை எஞ்சி நிற்கிறது. கூலிமுறையின் குறையை இதைவிடத் தெளிவாக உரைத்தவரை நான் படித்ததில்லை. கூலி போதுமா என்று மட்டுமே கேட்டுப் பழகியவை நம் மறையுரைகள்.

மாற்று என்ன? 1851இல் எழுதிய நூலில் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் விதிகள் வகுக்கிறார். ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் உடைமையில் பிரிக்கப்படாத பங்கு. பதவிகள் யாவும் தேர்தலால். ஆதாயத்திலும் நட்டத்திலும் அவரவர் உழைப்புக்கேற்ற பங்கு. விரும்பினால் விலகும் உரிமை. கணக்கேடு எல்லார் கண்முன்னும் விரிந்திராவிட்டால் இவற்றுள் ஒன்றும் நடவாது. மூடிய ஏட்டிலிருந்து கிள்ளிக் கொடுக்கும் ஆதாயப் பங்கு, எவ்வளவு பெரிதாயினும், பிச்சைதான். எங்கள் கோவிற்பிள்ளைக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்துவருகிறேன். பங்கின் கணக்கேட்டை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது இந்நூலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

திராட்சைத் தோட்ட உவமையையும் (மத் 20) இவ்வொளியில் மீண்டும் படித்தேன். தோட்ட உரிமையாளர் கடைசியில் வந்தவர்களுக்கே முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார். முதலில் வந்தவர்களை முதலில் அனுப்பியிருந்தால் முணுமுணுப்பே எழுந்திராது. எல்லாரும் காணும்படி கொடுத்து, எழுந்த முணுமுணுப்புக்கு மறுமொழியும் சொல்கிறார். ஆனால் தோட்டம் யாருடையது என்று புரூதோன் கேட்பார். அக்கேள்விக்கு உவமை விடை தரவில்லை. அதன் நோக்கமும் அதுவன்று.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல், கூலி ஒப்பந்தம் தன்னிலே அநீதியன்று என்றாலும், இயன்ற இடத்தில் அதில் பங்காளி உறவைக் கலப்பது நலம் என்று எழுதினார். 'இயன்ற இடத்தில்' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

புரூதோனிடம் நான் காணும் குறை நட்டத்தைப் பற்றியது. கடற்கரை மக்கள் இதை நன்கறிவார்கள். கரையில் மீன் ஏலம் போகிறது. விலை எல்லார் காதிலும் விழுகிறது. செலவு போக எஞ்சியது படகுக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பங்காகிறது. மீன்பாடு இல்லாத நாளிலோ, திறந்த கணக்கு அடுப்பை எரிய வைப்பதில்லை. கூலிக்காரனுக்குக் கூலி குறைவு. ஆனால் அது நிச்சயம். ஏழை ஏன் பங்கைவிடக் கூலியை விரும்புகிறான் என்பதைப் புரூதோன் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்பெயினின் மொந்திராகோன் ஊருக்கு 1941இல் வந்த அருள்தந்தை அரிஸ்மென்டியாரியெட்டாவின் மாணவர் ஐவர் 1956இல் தொழிலாளரே உடைமையாளரான ஆலையைத் தொடங்கினர். அது பெரிய கூட்டுறவுக் குழுமமாய் வளர்ந்தது. அதன் வீட்டுச்சாதன ஆலை 2013இல் நொடித்தபோது உறுப்பினர் இட்ட முதல் கரைந்தது. வேலையிழந்தோர் பலரை மற்றக் கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. தனித்த சங்கத்தால் இது ஆகாது. எனினும் அக்குழுமம் வெளிநாடுகளில் நடத்தும் ஆலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் உறுப்பினரல்லர், கூலிக்காரர்களே. புதியவர்களை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று புரூதோன் எழுதினார். சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும் என்று அவர் எழுதவில்லை. வற்புறுத்தலை அறவே விலக்கிய அவரால் அவ்வாறு எழுதவும் இயலாது.