றிற்றின் முதன்மைப் பல்லுறுப்பிகள்: ஒரு பெயரின் பொருத்தம்

அமெரிக்கக் கணிதவியலாளரான ஜோசப் றிற் 1922இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, தம்மினும் குறைந்த படியுடைய பல்லுறுப்பிகளை ஒன்றினுள் ஒன்று பிரதியிட்டுப் பெறமுடியாத பல்லுறுப்பிகளுக்கு ‘முதன்மை’ எனப் பெயரிட்டது. எண்ணியலிலிருந்து இரவல் வாங்கிய இப்பெயர் எவ்வளவு பொருந்தும்?

12ஐ எவ்வழியிற் பிரிப்பினும் 2, 2, 3 என்னும் அதே எண்களே எஞ்சும். பல்லுறுப்பிகளின் இயல்பு வேறு. க⁶+2க⁴+க² என்பதை எடுத்துக்கொள்வோம். க³+க என்பதன் வர்க்கமாகவும் இதனைக் காணலாம். க²ஐ ப எனக் கொண்டு, ப(ப+1)² எனவும் காணலாம். வர்க்கித்தல் முன்னே வந்ததும் முப்படிக் கூறே வேறொன்றாகிவிட்டது! சிக்கலெண் குணகங்களுக்கு றிற் நிறுவிய முதற்றேற்றம் காப்பது கூறுகளை அன்று. அவற்றின் தொகையையும், வரிசை நீங்கலாகப் படிகளையுமே.

விகிதமுறு சார்புகளில் அதுவும் நிலைப்பதில்லை. ஒழுங்கான நான்முகியின் 12 சுழற்சிகளாலும் மாறாத பன்னிரண்டாம் படிச் சார்பு, 3, 2, 2 எனும் படிகளில் மூன்று கூறுகளாகவும், 4, 3 எனும் படிகளில் இரண்டு கூறுகளாகவும், மேலும் பிரிக்கவியலாதவாறு பிரிகின்றது.

ஆயின் கட்டுரையின் உயிர் இரண்டாந் தேற்றத்திலேயே உள்ளது. பொதுக்காரணியற்ற படிகளையுடைய கூறுகள் இடம்மாறுவதற்கு, ஒருபடி மாற்றங்கள் நீங்கலாக, அடுக்குகள்வழி ஒன்றும் செபிஷெவ் பல்லுறுப்பிகள்வழி ஒன்றுமாக இரு வகைகளே உண்டென்கிறது அது. எண்களிடையே இதற்கு ஒப்புமை இல்லை. அங்கு எக்காரணியும் எங்கும் நிற்கலாம். ‘முதன்மை’ என்னும் பெயர் மறைப்பது இதனையே.