சாய்வில் இருக்கிறது சூட்சுமம்

டாங்கியைப் பார்ப்பவர்களின் கண் முதலில் பீரங்கிக் குழாயில்தான் போய் நிற்கும். என் கண் போவது அதன் உடம்பெங்கும் பொருத்தப்பட்ட சின்னப் பெட்டிகளுக்கு. எண்பதுகளின் சோவியத் டி-72 ஒன்றின் கோபுரத்தை முன்னால் நின்று பாருங்கள். செங்கல் பருமனுள்ள இரும்புப் பெட்டிகள் வரிசையாக, ஆப்பு வடிவில் கூடி நிற்கும். சுடுபவன் எதிர்பார்க்கும் திசைக்கு அவை தட்டையாக முகம் காட்டுவதில்லை. சாய்ந்தே நிற்கும். நம் ஆவடியில் கட்டிய டி-72 வண்டிகளிலும் இந்தப் பெட்டிகளைக் காணலாம். பிற்காலத்தில் சேர்க்கும் கவசங்களில் இதைவிட நேர்த்தியான வேலைப்பாட்டை நான் அறியேன்.

எதிரி யார் என்று தெரிந்தால்தான் இந்த நேர்த்தி புரியும். தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7, 1961 முதல் உலகமெங்கும் புழங்குகிறது. அதன் முனைக்குள் இருக்கும் வெடிமருந்தில் கூம்பு வடிவக் குழி ஒன்று உண்டு. குழியின் உட்புறம் மெல்லிய செம்புத் தகடு. பின்னாலிருந்து வெடித்ததும் அந்தச் செம்பு உள்நோக்கி நசுங்கி, நூலிழைத் தாரையாக முன்னே பாய்கிறது. அதன் நுனி நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும். தாரை எஃகை உருக்கித் துளைக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. மோதும் இடத்தின் அழுத்தம் எஃகின் உறுதியைப் பல மடங்கு மிஞ்சிவிடுவதால், திடமான எஃகே இருபுறமும் ஒதுங்கி வழிவிடுகிறது. 85 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொடக்ககால ஆர்பிஜி முனையே ஏறத்தாழ 260 மில்லிமீட்டர் எஃகைத் துளைத்தது. அதை எல்லாப் பக்கமும் தடிமனால் மட்டும் தடுப்பதென்றால் வண்டி தன் எடையைத் தானே சுமக்க முடியாது.

ஆனால் அந்தத் தாரைக்கு ஒரு பலவீனம் உண்டு. நுனி வேகமாகவும் வால் மெதுவாகவும் போவதால் அது நீண்டுகொண்டே செல்லும். அதன் ஒவ்வொரு பகுதியும் முன்பகுதி தோண்டிய குழியின் அடியிலேயே வந்து விழ வேண்டும். கோடு சற்றே குலைந்தாலும் மிச்சத் தாரை குழியின் சுவரில் சிதறி வீணாகிவிடும்.

இந்தப் பலவீனத்தைப் பிடித்தவர் ஜெர்மன் வெடியியல் அறிஞர் மன்ஃப்ரெட் ஹெல்ட். 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு இஸ்ரேலில் சேதமடைந்த டாங்கிகளின் மேல் சுட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். சில டாங்கிகளுக்குள் வெடிபொருள் மிச்சமிருந்தது. அது வெடித்த இடங்களில் தாரையின் துளைக்கும் திறன் குறைந்திருந்ததைக் கவனித்தார். வெடிப்பே காப்பாற்றும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1970-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய டாங்கிகள் ‘பிளேசர்’ என்ற பெயரில் இதை அணிந்து களமிறங்கின. சோவியத் யூனியனிலும் தனியாக ஆய்வு நடந்துவந்தது. சில ஆண்டுகளிலேயே ‘கான்டாக்ட்-1’ பெட்டிகள் அவர்களுடைய டாங்கிகளிலும் ஏறின.

பெட்டிக்குள் இருப்பது எளிய அடுக்கு: இரண்டு எஃகுத் தகடுகள், நடுவே வெடிமருந்து. துப்பாக்கிக் குண்டு பட்டாலோ தீப்பிடித்தாலோ அந்த மருந்து வெடிக்கக் கூடாது. செம்புத் தாரை தொட்டால் மட்டும் வெடிக்க வேண்டும். இந்தப் பக்குவத்தை எட்டியதே பெரிய சாதனை. வெடித்ததும் தகடுகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. தாரை சாய்வாக வந்தால், பறக்கும் தகடு அதன் குறுக்கே நகர்ந்துகொண்டே புதுப்புது எஃகை நீட்டுகிறது. ஓடும் தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் துணியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஊசி ஒரே இடத்தில் இறங்காது அல்லவா, அப்படி. ஒரு துளை போட வந்த தாரை, நீண்ட கீறல் போட்டுத் தன்னைத் தானே தின்றுவிடுகிறது. தப்பிய துண்டுகள் வளைந்தும் முறிந்தும் பின்னால் உள்ள கவசத்தில் சிதறுகின்றன. தாரை செங்குத்தாக வந்தாலோ தகடு குறுக்கே நகராது. பயன் மிகக் குறைவு. அதற்காகத்தான் அந்தச் சாய்வு. கான்டாக்ட் பெட்டிக்குள்ளேயும் இரண்டு அடுக்குகளை ஒன்றுக்கொன்று கோணமாக வைத்தார்கள். வெளியே இருக்கும் சாய்வு போதாமல் போனாலும் உள்ளே இருப்பது கைகொடுக்கும். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

குறைகளும் உண்டு. வெடிக்கும் தகடு அருகில் நடந்துவரும் காலாட்படை வீரரைக் கொல்லும். மெல்லிய உடம்புள்ள வண்டிக்கு அந்த வெடிப்பே ஆபத்து. எதிரியும் சும்மா இருக்கவில்லை: முன்னால் ஒரு சிறு முனை பெட்டியை வெடிக்கவைக்க, பின்னால் வரும் பெரிய முனை துளைக்கும் இரட்டை ராக்கெட்டுகள் எண்பதுகளின் முடிவில் வந்துவிட்டன.

வெடிப்பைத் தாங்க முடியாத வண்டிகளுக்குக் கம்பிக் கூண்டு. 2003-ல் ஈராக்குக்குப் போன அமெரிக்க ஸ்ட்ரைக்கர் வண்டிகளைச் சுற்றி அது நின்றது. ராக்கெட்டைத் தள்ளியே வெடிக்கவைப்பதுதான் கூண்டின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் சிறு இடைவெளி கூடுவது தாரை நன்றாக உருவாகவே உதவக்கூடும். கூண்டு செய்வது வேறு. ஆர்பிஜியின் மூக்கில் உள்ள படிகம் மோதலில் மின்சாரம் உண்டாக்கி, உள்கூம்பு, வெளிக்கூம்பு வழியே பின்னால் இருக்கும் வெடிப்பானுக்கு அனுப்பும். இரு கம்பிகளுக்கிடையே மூக்கு நுழைந்தால் கம்பிகள் அந்தக் கூம்புகளை நசுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட, மின்சாரம் வழியிலேயே செத்துப்போகும். மூக்கு நேராகக் கம்பியிலேயே பட்டால் ராக்கெட் வழக்கம்போல வெடிக்கும். ஆகவே பட்டைக் கம்பிகளின் மெல்லிய விளிம்பை வெளியே காட்டி வைப்பார்கள். இடைவெளி 85 மில்லிமீட்டரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவு கணக்கிட்டாலும் எல்லா ராக்கெட்டுகளும் சிக்குவதில்லை. வண்டியின் எடை 2 டன்னுக்கு மேல் கூடியது, அகலமும் கூடி, குறுகிய தெருக்களில் திரும்புவது ஓட்டுநருக்குப் பெரும்பாடாயிற்று.

அந்தச் சுமையைக் குறைக்கப் பிறகு வலைகள் வந்தன. ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் ராணுவம் தன் கனரக வண்டிகளில் இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக வலுவான இழைகளால் நெய்த கவசத்தைக் கட்டியது. கூண்டைவிட எடை பல மடங்கு குறைவு. கிழிந்தால் களத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். எடையைக் குறைப்பதில் இந்தக் கலை தொட்ட உயரம் என்று நான் சொல்வது அதைத்தான்.