ஆனியின் கண்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) தொகுப்பில் ‘எ லிட்டில் க்ளவுட்’ என்றொரு கதை உண்டு. லிட்டில் சாண்ட்லருக்கு வயது 32. டப்ளினில் எழுத்தர் வேலை. கவிஞனாகியிருக்க வேண்டியவன் என்று மனதுக்குள் ஓர் ஏக்கம். லண்டனில் பத்திரிகையாளனாகப் பேர் வாங்கிவிட்ட பழைய நண்பன் கல்லகரோடு அன்று மாலை குடித்துவிட்டு, தாமதமாக வீடு வருகிறான். வாங்கிவர வேண்டிய காபிப் பொட்டலத்தையும் மறந்துவிட்டான். முகம் கொடுத்துப் பேசாத மனைவி ஆனி, கடை மூடும் நேரத்தில் தேயிலையும் சர்க்கரையும் வாங்கக் கிளம்புகிறாள். தூங்கும் குழந்தையைப் பதமாக அவன் கையில் வைத்து, எழுப்பிவிடாதே என்கிறாள். இனி அவனால் அசைய முடியாது. எதிரே விளக்கு வெளிச்சத்தில், கொம்புச் சட்டமிட்ட ஆனியின் புகைப்படம்.

படத்தில் அவள் அணிந்திருப்பது அவன் பரிசாக வாங்கித் தந்த வெளிர்நீலக் கோடைச் சட்டை. விலை 10 ஷில்லிங் 11 பென்ஸ். பெண்கள் துணிக்கடையில் கூசி நின்றது, மீதி ஒரு பென்னியை மறந்துவிட்டு நடந்தவனைக் காசாளர் திரும்ப அழைத்தது, முகம் சிவந்தது தெரியாமலிருக்கப் பொட்டலத்தின் கட்டைச் சரிபார்ப்பதுபோல் பாவனை செய்தது, எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆனி முத்தமிட்டாள். விலையைக் கேட்டதும் சட்டையை மேசையில் வீசிப் பகற்கொள்ளை என்றாள். போட்டுப் பார்த்ததும் கைகளின் தையல் பிடித்துப்போய் மறுபடி முத்தமிட்டாள். சாண்ட்லரின் அன்பு, கூச்சம், அவமானம் மூன்றையும் ஜாய்ஸ் அந்தச் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு வரும் ஒரு நுட்பத்துக்காகவே இந்தக் கதைக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். சாண்ட்லர் படத்தின் கண்களைச் சில்லிட்ட பார்வை பார்க்கிறான். அவையும் அப்படியே அவனைத் திருப்பிப் பார்க்கின்றன. முதலில் குளிர்ந்தது யார் பார்வை? அவனுடையது. காகிதத்தில் எதுவும் மாறவில்லை. அந்த மாலைக்கு முன்பும் அதே மெல்லிய உதடுகள்தாம், அதே அமைதிதான். கல்லகர் பெருமையடித்த தூரதேசத்துப் பெண்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து, அவர்களின் கருவிழிகளைக் கற்பனை செய்துகொள்பவனுக்கு இந்த அமைதி எரிச்சலூட்டுகிறது. அழகான முகத்தில் ஏதோ அற்பத்தனம் தெரிகிறது. அடுத்த கணம், தவணைக்கு வாங்கிய மேசை நாற்காலிகளிலும் அதே அற்பத்தனம் தெரிகிறது. கசப்பு என்ற சொல்லைத் தொடாமல், ஒரு மனிதன் கசந்துபோவதை ஒரு படத்தை வைத்தே காட்டிவிட முடிகிறது.

இதே தொகுப்பின் ‘ஈவ்லின்’ கதையிலும் ஒரு படம் உண்டு. பழுதான ஹார்மோனியத்துக்கு மேலே, மஞ்சளேறிய ஒரு பாதிரியாரின் படம். மெல்போர்னுக்குப் போய்விட்ட அவர் பெயர் ஈவ்லினுக்குக் கடைசிவரை தெரியாது. போகத் துடித்தும் போக முடியாத பெண்ணின் வீட்டில், போய்விட்டவரின் முகம். சிறப்பான அமைப்புதான். ஆனாலும் அது சுவரில் அசையாமல் நிற்கும் குறியீடு. ஆனியின் படமோ பார்ப்பவனோடு மல்லுக்கு நிற்கிறது.

குழந்தை விழித்து வீரிடுகிறது. பொறுக்காமல் அதன் முகத்தருகே குனிந்து சாண்ட்லர் கத்துகிறான். அது மூச்சடைத்து விம்மும்போது ஆனி ஓடிவருகிறாள். படத்தின் கண்களில் தாபமில்லை என்று குறைப்பட்டவனுக்கு இப்போது உணர்ச்சி கொதிக்கும் கண்கள் நேரில் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது வெறுப்பு.

ஆனி ஈரமற்றவள் என்று வாசிப்பவர்கள் உண்டு. அந்தப் புகைப்படத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நமக்குக் கிடைப்பது சாண்ட்லர் பார்த்த படம் மட்டுமே, அதுவும் அந்த ஒரு மாலையில் பார்த்தது. சட்டைக் கைகளைப் பார்த்துப் பூரித்து, தன்னை நினைத்து வாங்கிவந்தவனை முத்தமிட்ட பெண்ணும் அவன் நினைவில்தான் இருக்கிறாள். அவள்மேல் அவன் பார்வை தங்கவில்லை.