பிடியரிசியும் பந்தியும்

உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். சமையலுக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் பானையில் போடுவார் வீட்டு அம்மா. அதன் பிறகுதான் அரிசியைக் களைவார். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம் இது. பிடியரிசிக் காணிக்கை என்பார்கள். பானை நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். அரிசி விற்ற காசு சபைக் கணக்கில் வரவாகும்.

சபை மலர்களில் கோபுரத்தின் உயரம் இருக்கும், மணி வந்த கதை இருக்கும், குருவானவர்களின் படவரிசை இருக்கும். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசம் உண்மையா என்று சோதித்துப் பார்க்க வைத்திருந்த அளவைகள் அடுப்பங்கரையிலும் கடைத்தெருவிலும் நீதிமன்றக் கச்சேரியிலும் இருந்தன. ஒவ்வொரு மரபும் ஓர் அளவையை முன்னே வைத்தது. அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

பிடியரிசியில் என்னை மலைக்க வைப்பது அதன் நேரம். குடும்பம் சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து அது எடுக்கப்படுவதில்லை. உலையில் அரிசி விழும் முன்பே எடுக்கப்படுகிறது. பஞ்ச காலத்திலும் அப்படித்தான். இன்னொன்று, அது பெண்ணின் கையால் நடப்பது. கருப்பட்டி விற்ற காசு ஆணின் மடியில் இருக்கும். கடனுக்கும் கடைக்கும் அது போய்விடும். யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் தானாக எடுத்துக் கொடுக்க முடிந்தது அரிசி ஒன்றுதான். சபைக் கூட்டத்தில் பேச அவளுக்கு இடம் இல்லாத காலத்திலும், சபையைத் தாங்கிய கை அவளுடையதாக இருந்தது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா இந்த மண்ணில் வளர்ந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்களை நம் காசில் அனுப்புவோம் என்று துணிந்தார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பானைகள் இருந்தன என்பது என் எண்ணம். 1912இல் தோர்ணக்கல் பேராயரான பிறகும் அசரியா ஏழைத் தெலுங்குச் சபைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தை விடாமல் கற்றுக்கொடுத்தார். ஏழையால் கொடுக்க முடியாது என்று சொல்வதே அவனை அவமதிப்பது என்ற நிலையில் அவர் உறுதியாக இருந்தார்.

கத்தோலிக்க மரபுக்கு வயது அதிகம். அதன் அளவை வேறு மாதிரியானது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வாழ்ந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்று. அடுத்து வந்த அவருடைய அச்சு நூல்களில் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடும் ஒன்று. அதாவது, தமிழில் அச்சு வந்ததும் உடனே எழுந்த கேள்வி, இன்று என்ன தவறு செய்தாய் என்பது. ஒவ்வொரு நாளும் தன் நடத்தையைத் தானே விசாரித்துக்கொள்ளும் பழக்கத்தை அந்த மரபு புகட்டியது. தவக்காலத்து ஒறுத்தல், மாலைச் செபமாலை, வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் என்று ஆண்டு முழுவதையும் அது பங்கிட்டு வைத்தது.

வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்று உபதேசியார்களுக்காக ஒரு நூல் எழுதினார். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவன் முதலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். அவருடைய பெருங்காப்பியமான தேம்பாவணியின் தலைவன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். சூசையப்பர்! வாள் ஏந்தாதவர், அரசாளாதவர். மரவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய இல்லறத்தார். 3,615 விருத்தங்களில் ஒரு தச்சரைக் காப்பியத் தலைவராக்கி வைத்தார் முனிவர். உழைத்துச் சாப்பிடும் வாழ்வே புனிதத்துக்குப் போதும் என்று இதைவிடப் பெரிதாக யார் சொல்ல முடியும்?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். அந்த இயக்கத்துக்கு வாசிப்பும் மனமாற்றமும் இரண்டு கண்கள். ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும். காலையிலும் இரவிலும் குடும்பத்தலைவர் வேதம் வாசித்து, பாட்டுப் பாடி, வேலையாட்கள் உட்பட எல்லாரையும் சேர்த்து ஜெபிக்கும் குடும்ப ஜெபம் இந்த வழியில்தான் சீர்திருத்தச் சபை வீடுகளில் வேரூன்றியது. பிற்காலத்தில் எல்லாச் சபைகளுக்கும் அது பொதுவாகிவிட்டது.

அந்த மரபின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் ஃபாப்ரீசியஸ். அவருடைய வேதாகமத்தையும் ஞானப்பாட்டுகளையும் லுத்தரன் சபையார் இன்றும் வாஞ்சையோடு நினைக்கிறார்கள். ஆனால் சென்னையில் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் கடன் கொடுத்து, அது திரும்பாமல் போக, கடன்காரராகச் சிறை சென்றார். 1791இல் காலமானார். தனக்கென்று ஒரு காசும் அவர் எடுக்கவில்லை. இருந்தும், பக்தி வேறு, கணக்கு வேறு என்று விட்டுவிட்டால் நேர்வது இதுதான். எங்கள் சபைகளில் ஆண்டுக் கணக்கை எல்லார் முன்பாகவும் வாசித்து, யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்ற ஒழுங்கு இருக்கிறது. அதைச் சலிப்பூட்டும் சடங்காக நினைத்து எழுந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதுவும் ஆராதனைதான்.

கச்சேரிக்குள் கிறிஸ்தவனாக இருப்பது எப்படி என்று கேட்டால் நான் காட்டுவது மாயூரம் முன்சீஃப் வேதநாயகம் பிள்ளையை. கத்தோலிக்கர். முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதியவர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அவர் நாள்தோறும் உட்கார்ந்தது நீதிமன்ற நாற்காலியில். வழக்குக்கு வரும் குடியானவனுக்குத் தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே புரியாத கொடுமையை அவர் கண்ணெதிரே பார்த்தார். மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நாவலுக்குள்ளேயே வாதாடினார். கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துக் கீர்த்தனைகள் பாடினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்த்து அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். ஒரு சிவபக்தர் ஒரு கிறிஸ்தவரைப் பாடியிருக்கிறார். அதைவிட நல்ல சான்றிதழை எந்த ஆயரும் கொடுத்துவிட முடியாது.

மிஷன் வட்டத்தை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. நாசரேத் பகுதியில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளைக்காரன் கைப்பணம் கூடாது. பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வேன் என்று கிறிஸ்டியன்பேட்டையில் குடியேறினார். 1860இல் தென்மாவட்டங்களில் எழுந்த எழுப்புதல் அவரைச் சுற்றி நடந்தது. பெந்தெகொஸ்து மரபு நகையைக் கழற்றச் சொன்னது. இலங்கையில் பிறந்த பெந்தெகொஸ்து மிஷன் ஊழியர்கள் வெள்ளையுடுத்தி, மணம் செய்யாமல், விசுவாச வீடுகளில் ஒன்றாக வாழ்கிறார்கள். அவர்களுடைய உபதேசம் முழுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் பவுன் கணக்கில் நொந்து போகிற ஊரில், நகையில்லாத கழுத்தோடு கோயிலுக்கு வருவது எவ்வளவு பெரிய மறுப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் சபைகளில் விவாக அறிவிப்பு வாசிக்கும் முன்பே தொகை பேசி முடிந்திருக்கும். வாசிக்கும் ஐயருக்கும் அது தெரியும், கேட்கும் சபைக்கும் தெரியும்.

திருப்பத்தூரில் 1921இல் பிறந்த கிறிஸ்துகுல ஆசிரமத்தைச் சொல்லாமல் போக முடியாது. டாக்டர் ஜேசுதாசன் பெரியண்ணன், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன் சின்னண்ணன். ஒரே கதர், ஒரே சாப்பாடு, ஒரே ஆஸ்பத்திரி வேலை. கதருடுத்தி நின்றதற்காக 1932இல் சென்னைத் தெருவில் போலீஸிடம் அடி வாங்கினார் சின்னண்ணன்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இந்த வரிசையில் இன்னும் ஒரு படி மேலே போனார் என்பேன். லண்டனில் படித்த கணக்குத் தணிக்கையாளர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் பணப்பொறுப்பு அவரிடம் இருந்தது. காந்தியும் அவர் கூட்டத்தாரும் வந்தபோது அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். துன்பப்பட்டவனுக்கு வந்த காசு அவனுக்கே போக வேண்டும். மகாத்மாவாக இருந்தாலும் சரி. நாம் வாங்கும் பொருள் யாரையாவது சுரண்டிச் செய்யப்பட்டதென்றால் அந்தப் பாவத்தில் வாங்குபவனுக்கும் பங்குண்டு என்று அவர் எழுதினார். கடைசி வருடங்களைத் தே. கல்லுப்பட்டியில் எளிய வீட்டில் கழித்து 1960இல் மறைந்தார். அவருக்குச் சந்தையே ஜெப அறை.

இத்தனை அளவைகளும் நல்லவை. ஆனால் எல்லா மரபுகளையும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று இருக்கிறது. அது பந்தி: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் கையால் திருவிருந்து வாங்குகிறாய் என்பது.

தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். படைவீரராக இருந்து விசுவாசத்துக்கு வந்தவர், பறையர் குலத்தவர், தஞ்சைப் பகுதியில் பல சபைகளைக் கட்டியவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டோம் என்று உயர்சாதிச் சபையார் மறுப்பார்கள் என்று அஞ்சி அவரை விட்டுவிட்டார்கள்; 1741இல் வேறொருவர் குருவானார். வாசிப்பும் மனமாற்றமும் இரண்டு கண்களாக இருந்த மரபு அந்த இடத்தில் இரண்டையும் மூடிக்கொண்டது.

ரேனியஸ் மூடிக்கொள்ளவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த அவர், தன் செமினரியில் எல்லா மாணவர்களும் ஒரே இடத்தில் தங்கி ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்றார். எதிர்ப்பு வந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே போனார்கள். எதிர்த்தவர்களில் நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பாட்டை நேசித்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். 1872இல் கட்டிய அந்தக் கோயிலில் இரண்டு சாதியாருக்கு இரண்டு கைகள், நடுவே சுவர். பீடம் மட்டும் பொது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் உரிமையாகாது என்று முடிந்தது. அதே 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அசரியா எழுந்து, மிஷனரிகள் தொண்டைத் தருகிறார்கள், நட்பைத் தருவதில்லை, எங்களைத் தங்கள் மேசைக்கு அழைப்பதில்லை என்ற பொருளில் பேசினார். சுவர் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

எங்கள் பகுதிச் சபைகளில் ஆண்டுதோறும் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் பிரித்து, இரவெல்லாம் விறகடுப்பில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஓலைப்பாயில் மலையாகக் குவிப்பார்கள். இறைச்சிக் குழம்பு வாளி வாளியாகப் போகும். இந்துக்களும் வருவார்கள், இஸ்லாமியரும் வருவார்கள். பரிமாறும் இளைஞனின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும்; கடைசிப் பந்திக்கு அவன் உட்காரும்போது பிற்பகல் சாய்ந்திருக்கும். கோயில் ஆராதனைக்கு அடுத்தபடி நான் மதிக்கும் நிகழ்ச்சி அது. ரேனியஸ் செமினரியில் வைத்த சட்டத்தை ஓர் ஊரே விரும்பிக் கொண்டாடுவதாக எனக்குப் படும்.

ஆனால் அந்தப் பந்தி ஒரு நாள். மறுநாள் பெண் பார்க்கப் போகும்போதும், ஒருவர் இறந்து குழி வெட்டும்போதும் பழைய கோடுகள் திரும்புகின்றன. தமிழ்நாட்டில் சாதிக்கொன்றாகக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் இன்னும் உண்டு. 2008இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்க நேர்ந்தது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களிடையே கலவரமாகி, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

ஒவ்வொரு சேகரத்திலும் விவாகப் பதிவேடு இருக்கிறது. பல இடங்களில் அது நூறு ஆண்டைத் தாண்டியது. மணமகன் ஊர், மணமகள் ஊர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் மசியில் எழுதப்பட்டிருக்கும். ஊரையும் குடும்பத்தையும் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அந்தப் பக்கங்களைப் புரட்டி, சாதிக்கோட்டைத் தாண்டி நடந்த திருமணங்கள் எத்தனை என்று பத்தாண்டுக்குப் பத்தாண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த மலரில் கோபுரத்தின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த எண்களை அச்சிடலாம். வாலிபர் சங்கத்தில் இரண்டு பேர் முன்வந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை.